தூசு உறிஞ்சியும் ஒரு துப்புரவுப் பணியாளரும்

1901இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் உருவாக்கிய தூசு உறிஞ்சி குதிரைவண்டியில் வந்து தெருவில் நிற்கும். அதன் நீண்ட குழாய் மட்டுமே வீட்டினுள் நுழையும். அதனை எளியோரும் கையாளும் வீட்டுக் கருவியாக்கியவர்களுள் நான் பெரிதும் மதிப்பவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கேண்டன் நகரில், ஓர் அங்காடியின் துப்புரவுப் பணியாளர் அவர். கம்பளங்களைப் பெருக்குகையில் எழுந்த தூசு அவருடைய ஆஸ்துமா நோயை மிகுவித்தது. பிழைப்பையும் விட இயலாது. மூச்சையும் இழக்க இயலாது. எனவே, மின்விசிறி மோட்டார், துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்துக் கருவியொன்றைச் செய்தார்.

1908இல் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டே ஹூவர் குடும்பத்தார் அவ்வுரிமையை வாங்கினர். பிரிட்டனில் ‘ஹூவர்’ வினைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. விற்றவர் பெயர் அகராதி ஏறியது. மூச்சுத் திணறியவர் பெயரை நம் மாணவர்க்கு நாமேனும் சொல்வோம்.