சயாமுக்குப் போன கதை

“எழுதறதுக்குக் கதையே கிடைக்கல” என்று எழுதத் தொடங்கும் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் போர்டிக்சன்தான் ஞாபகத்துக்கு வரும். நம்மில் பலருக்கு அது வார இறுதியில் குளிக்கப் போகும் கடற்கரை, அவ்வளவுதான். லுக்குட், சிலியாவ், லிங்கி என்று கொஞ்சம் உள்ளே போனால் ரப்பர் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அந்தத் தோட்டங்களின் மிகப் பெரிய கதை நாவலாக வருவதற்கு ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின.

1942, 43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் ரயில்பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் தமிழர்கள். முதலில் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். அது எடுபடாதபோது வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். மலாக்காவிலிருந்து நெகிரி செம்பிலானின் தம்பினுக்குப் போன தண்டவாளத்தையும் பெயர்த்து சயாமுக்கே கொண்டுபோனார்கள்.

1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மோரிப்பிலும் போர்டிக்சனிலும் கரையிறங்கினார்கள். போர் முடிந்துவிட்டது. ஆனால் சயாமுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

இதே ரயில்பாதையை வைத்து 1952இல் ஒரு நாவல் வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் எழுதிய ‘க்வாய் நதிப் பாலம்’. 1957இல் அது சினிமாவாகி, இலங்கையின் கித்துல்கலவில் படமாக்கப்பட்டு, ஏழு ஆஸ்கர்களை வாங்கியது. பூல் 1936 முதல் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியை அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனாலும் அவருடைய கதையின் மையத்தில் தமிழனுக்கு இடமில்லை. போர்க்காலத்தில் அவர் இந்தோசீனாவில், ஜப்பானோடு ஒத்துப்போன பிரெஞ்சு நிர்வாகத்திடம் கைதியாக இருந்தார். எதிரிக்காகப் பாலம் கட்டிக்கொடுக்கும் அந்த ஆங்கிலேயக் கர்னல், பூல் நேரில் பார்த்த பிரெஞ்சு அதிகாரிகளிடமிருந்து உருவானவர். களம் சயாம் என்றாலும் காயம் அவருடைய சொந்தக் காயம். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. புனைவு அப்படித்தான் பிறக்கிறது.

நம்முடைய காயத்தை நாம்தானே எழுதியிருக்க வேண்டும்? ஏன் இவ்வளவு தாமதம்? வெள்ளைக்காரக் கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், ஒளித்துவைத்துப் படம் வரைந்தார்கள், பிறகு நினைவுக்குறிப்புகள் வெளியிட்டார்கள். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆவணங்களில் அவர்கள் வெறும் எண்ணிக்கை. லயத்திலோ அந்தக் கதை ஒரே வரியில் முடிந்துவிடும்: “அவரு சயாமுக்குப் போனாரு, வரல.” கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது குடும்பச் செய்தி. அது வரலாறு என்றோ, நாவலுக்கான விஷயம் என்றோ யாருக்கும் தோன்றவில்லை.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல்தான் வந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வந்தது. ரெங்கசாமி ஜப்பான் காலத்தைச் சிறுவனாகக் கண்டவர். அந்த ஒரே வரியைத் தாண்டி இவர்கள் உள்ளே போனார்கள். அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் கிடந்ததைத்தான் எடுத்து எழுதினார்கள்.

இன்னும் மிச்சம் இருக்கிறது. புருஷன் செத்தானா உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றும் புரியாமல், விடியற்காலை பெரட்டுக்குப் போய் நின்ற பெண்களின் கதையை நாம் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே இப்போது எண்பது வயதுக்கு மேல். தோட்டத்தை விட்டு வந்து, ஏதோ ஒரு டவுனில் மகன் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த முறை போர்டிக்சன் பக்கம் போனால் அப்படி ஒருவரைத் தேடிப் போய்க் கேளுங்கள்: “உங்க வீட்டுல யாராச்சும் சயாமுக்குப் போனாங்களா பாட்டி?” முதலில் அதே ஒற்றை வரிதான் பதிலாக வரும். உடனே எழுந்து வந்துவிடாதீர்கள்.