தொட்டியிலிருந்து வயலுக்கு: நத்தை வந்த வழி

கடைகளில் வண்ண மீன்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் நத்தைகளையும் விற்கிறார்கள். எலுமிச்சம்பழ அளவுக்கு வளரும் இந்த நத்தைகளைப் பேரப்பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள், நாமும் வாங்கிக் கொடுக்கிறோம். இந்த நத்தைக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதில் பாதி பிரெஞ்சுக்காரர்கள் சம்பந்தப்பட்டது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் கூடுதல் ஈடுபாடு.

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வைத்து முறையாக ஆராய்ந்த முன்னோடி ஒரு பெண்மணி. பெயர் ழான் வில்ப்ரே பவர். 1794இல் பிரான்சின் ழுய்யாக் என்ற சிற்றூரில், செருப்புத் தைப்பவரின் மகளாகப் பிறந்தவர். பாரீசில் தையல் வேலை பார்த்தவர், திருமணத்துக்குப் பிறகு சிசிலித் தீவின் மெசினாவில் குடியேறினார். 1832 வாக்கில் அங்கே கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்து, ஆர்கோனாட் என்னும் கடல் உயிரை வளர்த்துப் பார்த்தார். அது தன் ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, வேறொன்றின் ஓட்டைத் திருடிக்கொள்கிறதா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. தானே உண்டாக்குகிறது என்று காட்டியவர் இந்த அம்மையார்தான்.

நத்தை தொட்டிக்குள் வந்த கதை லண்டனில் நடந்தது. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன, தண்ணீர் தெளிந்தது. அவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்கு இரையாயின. செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால்தான் தொட்டி நிலைக்கும் என்று 1850இல் அவர் எழுதினார். அன்று துப்புரவுத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்த நத்தை, பிற்பாடு அழகுப் பொருளாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது!

இப்போது அந்தப் பெரிய நத்தைக்கு வருவோம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இதன் வகைகளில் ஒன்றுக்கு 1822இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் லமார்க். முதுமையில் பார்வையை இழந்த பிறகும், மகளின் உதவியோடு தம் பெரிய நூலை முடித்தவர். ஓட்டின் சுற்றுகள் சேருமிடத்தில் வாய்க்கால் போல ஆழமான பள்ளம் இருப்பதால் 'கனாலிகுலாத்தா' என்றார். நம் ஊர் வாய்க்காலை நாங்கள் பள்ளியில் 'கனால்' என்று படித்தோமே, அதே சொல்தான்.

1979-80 வாக்கில் இந்த நத்தையை அர்ஜென்டினாவிலிருந்து தைவானுக்குக் கொண்டுபோனார்கள். வளர்த்து, உணவாக விற்கலாம் என்று எண்ணம். ருசி பிடிக்கவில்லை, விலை போகவில்லை, பண்ணைகள் கைவிடப்பட்டன. நத்தை வாய்க்காலில் இறங்கியது. ஜப்பான், பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று அடுத்த பத்தாண்டுகளில் பரவி, இளம் நெல் நாற்றை அடியோடு அறுத்துத் தின்றது. ராவோடு ராவாக வயல் வெறிச்சோடிப் போகும் என்றால் நெல் பயிரிடுகிற நமக்குப் புரியாதா? ஸ்பெயினின் எப்ரோ கழிமுக நெல்வயல்களில் 2009இல் இதன் உறவினம் காணப்பட்டது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பேரினம் முழுவதையும் இறக்குமதி செய்யவே தடை போட்டது.

நம் குளத்திலும் ஒரு பெரிய நத்தை உண்டு. கோடையில் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை வந்ததும் எழுந்து வரும். மூலத்துக்கு நல்லது என்று சமைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. நத்தைக்குத்தி நாரைக்கு அதுவே உணவு. அது ஈர மண்ணில் வெள்ளை முட்டை இடும். அந்நிய நத்தையோ நீர்மட்டத்துக்கு மேலே, தண்டிலும் சுவரிலும் இளஞ்சிவப்பு முட்டைகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டிவைக்கும். இதுதான் சுலபமான அடையாளம்.

கடையில் விற்கிற எல்லா மஞ்சள் நத்தையும் நெல்லைத் தின்பதல்ல. 'டிஃபூசா' என்ற வகை பெரும்பாலும் அழுகலையும் பாசியையும்தான் தின்னும். ஆனால் இரண்டும் மஞ்சளாக இருக்கும். விற்பவருக்கே வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆகவே வீட்டில் வளர்ப்பவர்கள் தொட்டிக்கு மூடி போடுங்கள். வெளியே வந்த முட்டைக் கொத்தைச் சுரண்டி நசுக்கிவிடுங்கள். வளர்க்க அலுத்துப்போனால், பாவம் பார்த்து ஏரியிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விடாதீர்கள். ஒரு நத்தைக்குக் காட்டும் அந்தப் பரிவு, ஓர் ஊரின் நாற்றங்காலுக்கு வினையாக முடியும். இதைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். தொட்டியைக் கழுவுகிற வேலை அவர்களிடம்தானே இருக்கிறது.