‘ராப்ச்சரஸ்லி’... சும்மா கைதட்டினா இந்த வார்த்தை வராது!

ஆங்கிலச் செய்திகளில் ‘ராப்ச்சரஸ்லி அப்ளாடட்’, ‘ராப்ச்சரஸ்லி ரிசீவ்டு’ என்று பார்த்திருப்பீர்கள். இதை ‘மகிழ்ச்சியுடன் வரவேற்றனர்’ என்று தமிழில் எழுதினால் பாதி அர்த்தம்தான் வரும். சந்தோஷத்தோடு வியப்பும் சேர்ந்து, ஆள் தன்னையே மறக்கிற நிலை இது.

காரணம் அதன் வேரில் இருக்கிறது. லத்தீனில் ‘ராபேரே’ என்றால் பறித்துக்கொண்டு போவது. கழுகு, பருந்து போன்ற வேட்டைப் பறவைகளைச் சொல்லும் ‘ராப்டர்’கூட இதே குடும்பம்தான். பருந்து இரையைத் தூக்குகிற மாதிரி, ஏதோ ஒன்று மனதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. நம்ம ‘பரவசம்’ இதற்குக் கச்சிதம். வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கும் ‘பிறர் வசமாதல்’ என்றுதான் மூலப்பொருள்!

சரி, எங்கே பயன்படுத்தலாம்? 1824 மே 7, வியன்னா நகரம். பீத்தோவனின் 9-வது சிம்பொனி முதன்முறையாக அரங்கேறியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. காது கேளாத பீத்தோவனுக்கு அது தெரியவே இல்லை. பாடகி கரோலின் உங்கர்தான் அவரை ரசிகர்கள் பக்கம் திருப்பிவிட்டார் என்பார்கள். அந்தக் கைதட்டலுக்கு ‘ராப்ச்சரஸ்லி’ தாராளமாகப் போடலாம்.

ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் பேசி முடித்ததும் வரும் கைதட்டலுக்குப் போட்டால்? கிண்டல் செய்வதாகத்தான் நினைப்பார்கள். அங்கே ‘வார்ம்லி’ போதும்.

ஸ்பெல்லிங்கிலும் கவனம் தேவை. ‘ஆர்’ எழுத்துக்கு அடுத்து ‘ஏ’ வர வேண்டும். அங்கே ‘யு’ போட்டால் ‘ரப்ச்சர்’ ஆகிவிடும். அது டாக்டர்கள் குடல்வால் வெடித்துவிட்டது என்று சொல்லப் பயன்படுத்தும் வார்த்தை!