ரஸ்ட் மொழியில் கோரூட்டீன்

பாதியில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரும் செயற்கூறுக்குக் 'கோரூட்டீன்' என மெல்வின் கான்வே 1958இல் பெயரிட்டார். கோபோல் தொகுப்பியின் பகுதிகளை அவ்வாறு அமைக்கும் முறையை அவரது 1963ஆம் ஆண்டுக் கட்டுரை விளக்கிற்று. 2015இல் முதல் நிலைப்பதிப்புக் கண்ட ரஸ்ட் மொழியில் இக்கருத்து எளிதில் வேரூன்றவில்லை.

நிற்கும் செயற்கூறின் மாறிகளை ரஸ்ட் தொகுப்பி ஒரு நிலைப்பொறியாக நினைவகத்தில் பொதிந்து வைக்கிறது. அம்மாறிகளுள் ஒன்று மற்றொன்றின் முகவரியைத் தாங்கியிருக்கையில் பொதி முழுதும் வேறிடம் பெயர்ந்தால், முகவரி பழைய இடத்தையே சுட்டும். நினைவகப் பிழைகளைத் தொகுப்பின்போதே தடுக்க முனையும் மொழிக்கு இது சிறு குறையன்று. ஊசியால் குத்தி நிறுத்துவதுபோல் பொதியை ஓரிடத்தில் நிறுத்தும் 'பின்' என்னும் வகை 2019 பிப்ரவரியில் நிலைபெற்றது. அவ்வாண்டு நவம்பரில்தான் 'ஏசிங்க்-அவெய்ட்' வெளிவந்தது.

அதன் உள்ளியக்கம் கோரூட்டீனே. எனினும் பொதுக் கோரூட்டீன் 2017 முதல் சோதனை நிலையிலேயே இருந்துவந்தது. அங்கு நெடுங்காலம் 'ஜெனரேட்டர்' என்றே வழங்கிற்று. அது பொருந்தாப் பெயர்: ஜெனரேட்டர் பொதுவழக்கில் மதிப்புகளை ஒவ்வொன்றாக வெளித்தருவது, ரஸ்டின் கூறோ தொடரும்போது மதிப்பைப் பெறவும் வல்லது. 2023இல் பெயர் திருத்தப்பட்டது. அடுத்து, ரஸ்ட் 2024 பதிப்பு 'ஜென்' என்னும் குறிச்சொல்லை அவ்வெளிய வடிவத்திற்கென ஒதுக்கி வைத்தது.