சோழர் கால ஆடல்: திருமழபாடி வட்டாரத்திலும் திரையிலும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஊர் திருமழபாடி. மார்க்கண்டேயருக்காகச் சிவன் கையில் மழுவேந்தி ஆடிய இடம் இது என்கிறது தலபுராணம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய வைத்தியநாத சுவாமி கோயில் இங்கே இருக்கிறது. பங்குனியில் நடக்கும் நந்தி கல்யாணம் இன்றும் பெருங்கூட்டத்தைக் கூட்டும் விழா. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் இறுதியில், இக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுத்து வைத்தார்கள். பின்னர், இராசேந்திரன் காலத்தில், அவற்றைப் புதுச்சுவரில் மறுபடி வெட்டினார்கள். கணக்கைத் தொலைக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கறார். அக்காலத்து ஆடலைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதியும் இத்தகைய கணக்குகளிலிருந்து கிடைத்ததுதான்.

இதே மாவட்டத்துக் காமரசவல்லியில் அப்படியொரு கணக்கு இருக்கிறது. சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்ற கூத்தனுக்கு ஊர்ச்சபை நிலம் கொடுத்தது. மார்கழித் திருவாதிரையில் மூன்று, வைகாசித் திருவாதிரையில் மூன்று என அவன் சாக்கைக் கூத்து ஆட வேண்டும். இது முதலாம் இராசேந்திரன் காலத்துச் செய்தி. சாக்கையர் மரபு அதற்கும் முந்தியது. பறையூரைச் சேர்ந்த சாக்கையன் ஒருவன் சேரன் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் என்ற கூத்தை ஆடியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கேரளத்துச் சாக்கியார்களின் கூத்தை இந்த மரபின் உறவாக ஆய்வாளர்கள் காண்கிறார்கள்.

ஆடலைப் பற்றிய மிகப் பெரிய ஆவணம் தஞ்சையில் இருக்கிறது. 1014ஐ ஒட்டி, இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிப் பணிசெய்த பெண்களை, பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். கல்வெட்டு அவர்களைத் தெருவாரியாக, சிறகுவாரியாக (தெருவின் பக்கவாரியாக), வீட்டு வரிசைப்படி பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஒவ்வொருத்தியும் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பதையும் விடவில்லை. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை அளந்த மரக்காலின் பெயரே, ஆடும் சிவனைக் குறிக்கும் 'ஆடவல்லான்'! நட்டுவம் செய்தவர்களுக்கு இரண்டு பங்கு. வங்கியம், பாடவியம், வீணை, உடுக்கை, கொட்டிமத்தளம் வாசித்தவர்களும் தனித்தனியே பட்டியலில் இருக்கிறார்கள்.

ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்தவேண்டும். வாரிசுரிமை இருந்தது, ஆனால் வேலை தெரியாதவர் ஆட முடியாது. இவ்வளவு தெளிவான பணி விதிகள் அந்தக் காலத்தில் வேறெந்தக் கலைஞருக்கும் இருந்தனவா என்று கேட்கத் தோன்றுகிறது.

என்ன ஆடினார்கள் என்பதற்குக் கல்வெட்டைவிடச் சிற்பம் நல்ல சாட்சி. பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்துச் சுற்றுச்சுவரில், நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களில், அதாவது ஆடல் அசைவுகளில், 81ஐச் சிவனே ஆடிக் காட்டுகிறார். எஞ்சிய 27 கற்கள் செதுக்கப்படாமல் நின்றுவிட்டன. கீழ்ச்சுற்றில் உள்ள சோழர் ஓவியத்தில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறியும்வரை நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்தவை இவை. உடலெங்கும் அணிகலன், இடையில் மெல்லிய ஆடை, மேலாடை கிடையாது.

திரையில் தெரிவது வேறு உலகம். 1958இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் மோதும் போட்டி நடனம் இன்றும் பேசப்படுகிறது. பேசப்பட வேண்டியதும்தான், இருவரும் முறையாகப் பரதம் பயின்றவர்கள். ஆனால் அந்தப் பரதத்தின் கச்சேரி வரிசை 19ஆம் நூற்றாண்டில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தியது. தைத்த விசிறி மடிப்பு உடை 20ஆம் நூற்றாண்டின் வரவு. அரசகதை என்றாலே படங்கள் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மேடையிலும் இந்த உடலசைவையே ஏற்றுகின்றன.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தது. கடம்பூர் மாளிகையில் வரும் தேவராளன் ஆட்டம், கல்கியின் நாவலில் உள்ள வெறியாட்டக் காட்சியை ஒட்டியது. பிருந்தா அமைத்த அசைவில் பரதத்தின் நளினத்தைவிட ஆவேசம் தூக்கல். 'ராட்சச மாமனே' பாட்டில் கம்சன் கதை சிறுவர்களோடு கூத்தாக நடக்கிறது. வரலாற்று நோக்கில் இந்த இரண்டும் அரண்மனை நடனத்தைவிடப் பொருத்தமான தேர்வுகள். தஞ்சையில் இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் சாந்திக் கூத்தன் ஒருவன் இராசராசேசுவர நாடகம் ஆட 120 கலம் நெல் பெற்றான். கதையோடு கூடிய கூத்து அன்று கோயில் விழாவின் பகுதி.

இருந்தும் திரை ஒன்றை மட்டும் இதுவரை தொடவில்லை. சோழர்காலப் படங்களில் ஆடுபவள் அரசகுமாரி, அல்லது அரசனை மயக்க வந்தவள், அல்லது பின்வரிசையில் பெயரில்லாத ஒருத்தி. சொந்த வீடும் ஆண்டு வருமானமும் கல்லில் பொறித்த பெயரும் கொண்ட கோயில் பணியாளராக அவளைக் காட்டிய படம் என்று சொல்ல எதுவுமில்லை.

தஞ்சைக் கரணங்கள் இருக்கும் மேல்தளத்துக்குப் பொதுவாகப் பார்வையாளர்களை விடுவதில்லை. கரணங்களை நேரில் காண விரும்புவோர் சிதம்பரத்துக் கோபுர வாயில்களுக்குப் போகலாம். அங்கே சிற்பத்தோடு நாட்டிய சாத்திர சுலோகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன.