பந்தயத்துக்குப் பின் இருபது ஆண்டுகள்

1986-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், அமெரிக்காவின் லூயிவில் நகரத்துச் சர்ச்சில் டௌன்ஸ் திடலில் 112-ஆவது கென்டக்கி டெர்பி பந்தயம் நடந்தது. ஓடிய குதிரைகள் 16. முதல் திருப்பத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்துகொண்டிருந்தது ஃபெர்டினாண்ட் என்னும் மூன்று வயதுச் செந்நிறக் குதிரை. அதன்மேல் இருந்த ஜாக்கி பில் ஷூமேக்கருக்கு அப்போது வயது 54. பயிற்சியாளர் சார்லி விட்டிங்ஹாமுக்கு 73. கடைசி நேர்கோட்டில் உள்வேலியை ஒட்டி ஒரு குதிரை நுழையுமளவுக்கு இடைவெளி திறந்தது. ஷூமேக்கர் அதற்குள் குதிரையைச் செலுத்தினார். டெர்பியை வென்ற ஜாக்கிகளில் அவரே மூத்தவர் என்று ஏடுகள் பதிவு செய்தன. மறு ஆண்டு, அவ்வாண்டின் டெர்பி வெற்றியாளனான அலிஷீபாவை மூக்கு நுனியளவு வித்தியாசத்தில் தோற்கடித்து, 1987-இன் தலைசிறந்த குதிரை என்னும் பட்டத்தையும் ஃபெர்டினாண்ட் பெற்றது. ஓடிச் சம்பாதித்த தொகை 37 லட்சம் டாலருக்கும் மேல்.

இதே குதிரை 2002-இல் ஜப்பானில் இறைச்சிக்கு வெட்டப்பட்டது.

இச்செய்தியை 2003 ஜூலையில் 'பிளட் ஹார்ஸ்' என்னும் அமெரிக்கக் குதிரையியல் இதழ் வெளியிட்டது. பொலிகுதிரையாக ஃபெர்டினாண்ட் சோபிக்கவில்லை. 1994-இல் ஜப்பானுக்கு விற்கப்பட்டு, ஹொக்கைடோ தீவில் ஆறு பருவங்கள் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தப்பட்டது. கேட்போர் குறைந்ததும் 2001-இல் ஒரு தரகரின் கைக்குப் போயிற்று. குதிரை எங்கே என்று விசாரித்தவர்களுக்கு முதலில் கிடைத்த பதில் நண்பருக்குக் கொடுத்துவிட்டோம் என்பது. பிறகு வேறொரு பதில். இறுதியில்தான் 'அப்புறப்படுத்தப்பட்டது' என்னும் சொல் வந்தது.

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையை ஒரு மையத்திலிருந்து தத்தெடுத்து வீட்டுக்கு அழைத்து வருவது இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சாதாரண வழக்கம். அதற்கென விதிகளும் படிவங்களும் உண்டு. நாய்க்குட்டியைத் தத்தெடுப்பதன் பெரிய வடிவம்தானே என்று மேலோட்டமாகத் தோன்றக்கூடும். ஆனால் இவ்வழக்கம் உருவான வரலாறு கருணையின் வரலாறு மட்டுமன்று. ஒரு குதிரைக்கு யார் பொறுப்பு என்னும் கேள்விக்கு விடை தேடிய வரலாறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தரோபிரெட் எனப்படும் பந்தயச் சாதிக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலானவற்றின் ஓட்டம் ஐந்தாறு வயதுக்குள் முடிந்துவிடும். ஆயுளோ இருபத்தைந்து ஆண்டுகள் வரை போகும். முப்பதைத் தொடுவனவும் உண்டு. ஆக, வேலை நான்கு ஆண்டு, ஓய்வு இருபது ஆண்டு. மிகச் சிலவே இனப்பெருக்கத்துக்குப் போகும். காயடிக்கப்பட்ட ஆண் குதிரைக்கு அந்த வழியும் இல்லை. தினம் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் உலர்புல் தின்னும் விலங்கை, ஒரு காசும் ஈட்டாத நிலையில், இருபது ஆண்டு எவர் வைத்துக் காப்பார்?

பந்தய உலகின் அமைப்பே இக்கேள்விக்கு விடையில்லாதபடி செய்துவிட்டது. அமெரிக்காவில் நடக்கும் பந்தயங்களில் பெரும்பகுதி 'கிளெய்மிங்' வகை. ஓடும் குதிரைகள் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கும். உரிமம் பெற்ற எவரும் பந்தயத்துக்கு முன் அந்த விலையைக் கட்டிச் சீட்டுப் போட்டால், கதவு திறந்து குதிரைகள் பாய்ந்த கணத்திலேயே உடைமை கைமாறிவிடும். கால் முறிந்தாலும் புதியவருக்கே நஷ்டம் என்பதுதான் பழைய விதி. பல மாநிலங்களில் அது பின்னர் திருத்தப்பட்டது. சமமான குதிரைகளைச் சமமான குதிரைகளோடு ஓடவைக்கும் தந்திரம் என்ற அளவில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். விலையைக் குறைத்துச் சொல்லி எளிய பந்தயத்தில் வென்றால், குதிரையை இழக்க நேரும் அல்லவா? ஆனால் இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். வேகம் குறையக் குறையக் குதிரை ஒவ்வொரு படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் புதிய எசமானர். கடைசிப் படிக்கு வரும்போது, குட்டியாக அதற்குப் பெயர் சூட்டியவருக்கு அது உயிரோடிருப்பதே தெரியாது. கொடியவர் ஒருவரும் இல்லாமலே குதிரை அனாதையாகிவிடுகிறது.

இந்தப் படிக்கட்டின் அடியில் வலை விரிக்கும் முதல் முறையான முயற்சி 1982-இல் தொடங்கியது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த மோனிக் கோலர் என்னும் பெண்மணி 'தரோபிரெட் ரிட்டையர்மென்ட் ஃபவுண்டேஷன்' என்னும் அறக்கட்டளையை நிறுவினார். கையில் நிலமில்லை, பணமும் அதிகமில்லை. அவர் நியூயார்க் மாநிலச் சிறைத்துறையை அணுகினார். வால்கில் என்னும் ஊரிலுள்ள சிறைச்சாலைக்கு வேளாண் நிலம் இருந்தது. நிலத்தையும் உழைப்பையும் சிறை தரும். குதிரைகளையும், கைதிகளுக்குக் குதிரை பராமரிப்புத் தொழிற்கல்வியையும் அறக்கட்டளை தரும் என்று உடன்பாடு ஏற்பட்டது. 1984-இல் முதற்குதிரை வந்து சேர்ந்தது. பெயர் பிராமிஸ்ட் ரோடு. ஒன்பது வயது வரை ஓடவைக்கப்பட்ட, புகழ் ஏதும் இல்லாத குதிரை. லாயம் கூட்டவும், குளம்பு சுத்தம் செய்யவும், கட்டுப் போடவும், எலும்புகளின் பெயர் சொல்லவும் கைதிகள் கற்றார்கள். விடுதலைக்குப் பின் குதிரைத் தொழிலுக்கே போனவர்களும் உண்டு. இம்முறை பின்னர் வேறு பல மாநிலச் சிறைகளுக்கும் பரவியது.

ஆயினும் இது முதியோர் இல்லம். தத்து மையம் அன்று. வேறுபாடு முக்கியமானது. ஏற்றுக்கொண்ட குதிரையை இறுதிவரை காப்பாற்றும் இல்லம் ஒருநாள் நிறைந்துதான் தீரும். உள்ளே இருப்பது இறந்தால்தான் வெளியே நிற்பதற்கு இடம். ஓஹையோ மாநிலத்தில் 1992-இல் டாட் மார்கன் தொடங்கிய 'நியூ வொகேஷன்ஸ்' அமைப்பு வேறு வழியில் சிந்தித்தது. குதிரையைச் சில மாதம் வைத்திருந்து, குணப்படுத்தி, புதுத் தொழில் பழக்கி, தகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அதாவது தங்குமிடமாக இராமல் கடந்துபோகும் பாலமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் லங்காஷையர் பகுதியில் கேரி ஹம்பிள் 1991-இலேயே இதையொத்த மறுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். 2000-இல் பிரிட்டிஷ் பந்தயத்துறையே 'ரீட்ரெய்னிங் ஆஃப் ரேஸ்ஹார்சஸ்' என்னும் அறநிறுவனத்தை ஏற்படுத்தியது. இது பெரிய மாற்றம். ஓய்வுபெற்ற குதிரை தனிமனிதர்களின் தயவில் விடப்பட்ட பொருளன்று, தொழிலின் கடமை என்பது முதன்முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

அமெரிக்காவில் அந்த ஒப்புதல் வருவதற்கு இரண்டு சாவுகள் தேவைப்பட்டன. ஒன்று ஃபெர்டினாண்ட். மற்றொன்று அதற்கு முன்பே நிகழ்ந்தது. 1978-இல் ஜாக்கி கிளப் கோல்டு கப் பந்தயத்தில் சியாட்டில் ஸ்லூ, அஃபர்ம்டு என்னும் இரு மும்முடி வீரர்களை ஒரே ஓட்டத்தில் வென்றது எக்செல்லர் என்னும் குதிரை. அப்படியொரு சாதனையை வேறு குதிரை செய்ததில்லை. அதையும் பழக்கியவர் விட்டிங்ஹாம், ஓட்டியவர் ஷூமேக்கர். வினோதமான ஒற்றுமைதான். அது பின்னாளில் ஸ்வீடனுக்கு விற்கப்பட்டது. உரிமையாளர் நொடித்துப் போனார். 1997 ஏப்ரலில் குதிரை இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1999-இல், அமெரிக்கப் பந்தய அருங்காட்சியகத்தின் புகழ் மண்டபத்தில் அதன் பெயரைச் சேர்த்தார்கள்.

ஃபெர்டினாண்டின் செய்தி வெளியானபின், விற்பனை ஒப்பந்தங்களில் ஒரு புதிய வாசகம் இடம்பெறத் தொடங்கியது. இனப்பெருக்கப் பணி முடிந்ததும் குதிரையை மீண்டும் வாங்கிக்கொள்ளும் உரிமை முதல் உரிமையாளருக்கு உண்டு என்பது அது. வெறும் சில வரிகள்தாம். அவற்றின் வலிமையைச் சில்வர் சார்ம் விஷயத்தில் காணலாம். 1997-இன் டெர்பி வெற்றியாளனான அதுவும் ஜப்பானுக்குப் போன குதிரையே. திரும்பப் பெறும் ஏற்பாடு இருந்ததால் 2014 டிசம்பரில் விமானமேறிக் கென்டக்கிக்குத் திரும்பி வந்தது.

அது வந்து சேர்ந்த இடம் ஜார்ஜ்டவுனில் உள்ள 'ஓல்டு ஃபிரெண்ட்ஸ்' பண்ணை. அதை 2003-இல் நிறுவிய மைக்கேல் பிளோவன் 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் திரைப்பட விமர்சகராக இருந்தவர். விமர்சகர்கள் உருப்படியாக ஏதும் செய்வதில்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு இவரை நான் சுட்டிக்காட்டுவதுண்டு. அவருடைய யோசனை எளியது: பழைய நட்சத்திரங்களைப் பார்க்க மக்கள் வருவார்கள், வருபவர்கள் தரும் பணத்தில் நட்சத்திரங்களும் அவற்றோடு பெயரற்ற குதிரைகளும் புல் தின்னும்.

இதற்கிடையில் சட்டம் வேறொரு பாடம் புகட்டியது. அமெரிக்காவில் எஞ்சியிருந்த மூன்று குதிரை இறைச்சிக்கூடங்கள், டெக்சாஸில் இரண்டும் இல்லினாய்ஸில் ஒன்றுமாக, 2007-இல் மூடப்பட்டன. கொண்டாடினார்கள். ஆனால் குதிரைகள் லாரிகளில் ஏறி எல்லை கடந்து கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போயின. பயணம் நீண்டதுதான் மிச்சம். தடைச்சட்டம் குதிரைக்கு வீடு தருவதில்லை. ஏலச் சந்தைகளில் தன்னார்வலர்கள் குதிரையின் மேலுதட்டைப் புரட்டிப் பார்த்த காலம் அது. உள்ளே பச்சை குத்தப்பட்ட எழுத்தும் எண்களும் இருந்தால் அது பந்தயக் குதிரை. எண்ணை வைத்துப் பெயரையும், பெயரை வைத்துப் பழைய உரிமையாளரையும் தேடலாம். தொலைபேசியில் செய்தி கேட்டுப் பணம் அனுப்பியவர்களும் இருந்தார்கள். கேட்காததுபோல் இருந்தவர்களும் இருந்தார்கள். 2017-இல் பிறந்த குட்டிகளிலிருந்து அங்கே மைக்ரோசிப் கட்டாயமாயிற்று.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை 2011 காட்டியது. மேலே சொன்ன சிறைப் பண்ணை அறக்கட்டளையின் பொறுப்பில் அப்போது 1,000-க்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன. ஒப்பந்தப் பண்ணைகளுக்குப் பணம் உரிய காலத்தில் போகாததால் சில இடங்களில் குதிரைகள் பட்டினி கிடப்பதாக 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. அறக்கட்டளை மறுத்தது. மறு ஆண்டு மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார், பிறகு சமரசமாயிற்று. அறக்கட்டளை பிழைத்துத் தன் பணியைத் தொடர்ந்தது. ஆனால் முதியோர் இல்லங்களால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. 2012-இல் 'தரோபிரெட் ஆஃப்டர்கேர் அலையன்ஸ்' உருவானது. மையங்களை நேரில் ஆய்ந்து தரச்சான்று தருவதும், பந்தயத்துறையிடம் நிதி திரட்டிச் சான்று பெற்றவற்றுக்குப் பகிர்ந்தளிப்பதும் அதன் வேலை.

இனி, மையத்திலிருந்து ஒரு குதிரையைக் கொண்டுவருபவர் எதைக் கொண்டுவருகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விடும் கட்டுரைகளே மிகுதி. பந்தயக் குதிரை பழக்கப்படாத குதிரை அன்று; வேறு மொழி பழக்கப்பட்ட குதிரை. கடிவாளத்தை இறுக்கினால் சாதாரணக் குதிரை நிற்கும். பந்தயக் குதிரையோ அந்த இறுக்கத்தில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கும். அப்படித்தான் அதற்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. ஜாக்கி குட்டை அங்கவடியில் முதுகுக்கு மேல் குந்தியிருப்பவர் ஆதலால், விலாவின் இருபுறமும் நீண்ட கால்கள் தொங்கி அணைப்பது அதற்குப் புதிது. நடந்துகொண்டிருக்கும்போதே ஆளைத் தூக்கி மேலே ஏற்றிவிடுவார்கள். அசையாமல் நின்று ஏற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. அமெரிக்கக் குதிரை எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடியிருக்கும். நாளில் பெரும்பொழுது கொட்டிலில் அடைபட்டுத் தானியம் தின்று வளர்ந்ததால் வயிற்றுப் புண் பரவலாக உண்டு. திடீரென மேய்ச்சல் வெளியில் விட்டால் மிரண்டு வேலியில் மோதும்.

எனவே மையங்கள் முதலில் ஒன்றுமே செய்வதில்லை. சில வாரங்களோ மாதங்களோ குதிரையைச் சும்மா விடுகிறார்கள். தானியத்தைப் படிப்படியாகக் குறைத்துப் புல்லுக்குப் பழக்குகிறார்கள். பல், முதுகு, மூட்டு சோதிக்கப்படும். அதன் பிறகே பயிற்சி. தத்துக் கேட்பவரும் சோதிக்கப்படுகிறார். வேலியின் புகைப்படம், கால்நடை மருத்துவரின் நற்சான்று, சவாரி அனுபவம் எல்லாம் கேட்பார்கள். மீண்டும் பந்தயத்தில் ஓட்டக்கூடாது, ஏலத்துக்கு அனுப்பக்கூடாது, வைத்துக்கொள்ள இயலாவிட்டால் மையத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்று கையொப்பம் வாங்குவார்கள். கட்டணம் சில நூறு டாலர் முதல் சில ஆயிரம் வரை. ஒரு காலத்தில் லட்சங்களில் விலை பேசப்பட்ட குதிரைக்கு இது அற்பத் தொகை. ஆனால் மாதாமாதம் ஆகும் செலவின் முன் வாங்கும் விலை எப்போதுமே அற்பம்தான். படிக்கட்டில் இறங்க இறங்கக் கைமாறிக் கரைந்துபோன பொறுப்பு, இந்தக் கையொப்பத்தில்தான் மீண்டும் ஒருவர் பெயரில் பதிகிறது.

ஃபெர்டினாண்டின் பாட்டன் நார்தர்ன் டான்சர்; இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் பொலிகுதிரைகளில் ஒன்று. அதே பாட்டனுக்கு 1991-இல் இன்னொரு பேரன் பிறந்தது. பெயர் ஸிப்பி சிப்பி. நூறு பந்தயங்கள் ஓடி நூறிலும் தோற்றது. கதவு திறந்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றதற்காகச் சில திடல்கள் அதைத் தடை செய்தன. 2000-இல் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரோடு ஓடவிட்டார்கள்; மனிதர் வென்றார். அதன் உரிமையாளர் பழைய ஃபோர்டு வண்டியொன்றைக் கொடுத்து அதை வாங்கியவர், ஆயினும் கைவிடவில்லை. 2010-இல் அது நியூயார்க் மாநிலத்தில், சரடோகாவுக்கு அருகே, ஓல்டு ஃபிரெண்ட்ஸின் கிளைப் பண்ணைக்கு வந்து சேர்ந்தது. பார்வையாளர் அதைத் தேடி வந்தார்கள். 2022 ஏப்ரலில், முப்பது வயதைத் தாண்டி, அந்தப் பண்ணையிலேயே இறந்தது.