அவருத்த ஸ்திரீ முதல் 'லிவ் இன்' வரை: மணமாகாத முதியோர் இணையும் வீட்டுரிமையும்

சம்ஸ்கிருதத்தில் 'ருத்' என்னும் வேர் அடைத்தல், தடுத்தல் ஆகிய பொருள்களைத் தருவது. அதிலிருந்து பிறந்தது 'அவருத்த ஸ்திரீ' என்ற பழைய இந்து சட்டத்தின் கலைச்சொல். மணம் செய்யாமல் ஒருவனோடு மட்டும் நிலையாக வாழ்ந்த பெண்ணை அது குறித்தது. சொல் இழிவானது; ஆனால் வெறுங்கையோடு நின்ற சொல் அன்று. அந்த ஆண் இறந்தபின் அவன் விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. உறவு அவன் இறக்கும்வரை நீடித்திருக்க வேண்டும், அதன் பின்னும் அவள் அவனுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். அவனது குடும்பத்தோடு ஒரே கூரையின்கீழ் அவள் வாழ்ந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி பம்பாயிலிருந்து பிரிவி கவுன்சில் வரை சென்றது. தேவையில்லை என 1926-இல் அம்மன்றம் தீர்த்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து அந்த உரிமை ஓசையின்றி மறைந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இறந்தவரைச் சார்ந்திருந்தோர் யார் யார் எனப் பட்டியலிட்டது. விதவை உண்டு; மணவுறவுக்கு வெளியே பிறந்த இளவயதுப் பிள்ளைகளும் உண்டு. அப்பிள்ளைகளின் தாய் இல்லை. ஒருதார மணத்தை நிலைநாட்ட வந்த சீர்திருத்தம், அடிமைத்தனம் தொனித்த சொல்லை நீக்கியபோது அதனோடு ஒட்டியிருந்த சோற்றுரிமையையும் நீக்கிவிட்டது. சட்ட வரலாற்று நூல்கள் சீர்திருத்தத்தின் இந்த விலையைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்குப்பின் எஞ்சியது அனுமானம் என்னும் ஒற்றை வழி. நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் மணமானவர்கள் என்றே கொள்ளப்பட வேண்டும் என்ற கொள்கையை, இலங்கையிலிருந்து வந்த ஒரு வழக்கில் பிரிவி கவுன்சில் 1927-இல் உறுதிசெய்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த ஓர் இணைக்கு 1978-இல் உச்ச நீதிமன்றம் அதே கொள்கையைப் பொருத்தியது. அரை நூற்றாண்டுக்குப் பின் புரோகிதரையும் சாட்சிகளையும் தேடச் சொல்வது நியாயமாகாது என்பதே அதன் சாரம். 2015-இலும் இதே அனுமானத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் சொத்துரிமை ஏற்கப்பட்டது.

இத்தீர்ப்புகள் முற்போக்கானவை என்று பாராட்டப்படுகின்றன. ஆயினும் அவை மணமாகாத இணைக்கு எதையும் தரவில்லை; மணமானவர்களாகத் தோன்றிய இணைக்கே தந்தன. முதியோரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2011-இல் அகமதாபாத்தில் 'வினா மூல்ய அமூல்ய சேவா' என்னும் அமைப்பு, சேர்ந்து வாழத் துணை தேடும் முதியோரின் கூட்டத்தை நடத்தியது. இவ்வாறு வருவோரிற் பலருக்கு மணத்தைத் தவிர்ப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. மத்திய அரசு ஓய்வூதிய விதிகளின்படி, மறுமணம் செய்யும் விதவையின் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும். பிள்ளையில்லாதவருக்கு மட்டும் வருமான வரம்புக்கு உட்பட்ட விலக்கு உண்டு. பிள்ளைகளின் அச்சம் மற்றொரு காரணம்: வீடு கைமாறிவிடுமோ என்பது. ஆகவே 'இது திருமணம் அன்று' என்று இவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். சிலர் எழுதியும் வைக்கிறார்கள். அந்த நேர்மையே பின்னாளில் அனுமானத்தின் கதவை அடைத்துவிடுகிறது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணத்தின் தன்மையுடைய உறவு' என்ற புதிய தொடரைக் கொண்டுவந்தது. கோயம்புத்தூர் வழக்கொன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வகுத்த நிபந்தனைகளுள் முதலாவது, இருவரும் சமூகத்தின்முன் கணவன் மனைவிபோல் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது. அந்தத் தீர்ப்பு, இவ்வரையறைக்குள் அடங்காத பெண்ணை 'கீப்' என்று சுட்டியது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. தமிழின் 'வைப்பாட்டி'யும் 'வை' என்னும் வினையடியில் நிற்பதே. மூன்று மொழிகளிலும் அவள் செயப்படுபொருள்தான். 'அவருத்த' என்ற சொல்லோடு வந்த ஜீவனாம்சம் மட்டும் பின்வந்த சொற்களோடு வரவில்லை. மேலும், இச்சட்டம் தரும் குடியிருப்புரிமை பெண்ணுக்கு மட்டுமே உரியது. துணைவியின் வீட்டில் வாழும் முதிய ஆணுக்கு அது பயன்படாது.

உயில் இல்லையெனில் நிலை இன்னும் விபரீதமாகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, பிள்ளையில்லாத விதவையின் சொத்து அவரது பெற்றோருக்கு முன்னதாக இறந்த கணவரின் வாரிசுகளைச் சேரும். இளமையிலேயே கணவனை இழந்து புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்ட ஒரு பெண் தானே சம்பாதித்த சொத்தைக்கூட 2009-இல் உச்ச நீதிமன்றம் கணவன் வழியினருக்கே வழங்கியது. அவ்வாறிருக்க, இருபது ஆண்டு உடன் வாழ்ந்த துணைவரின் பெயர் அந்த வரிசையில் எங்கும் இல்லை. வங்கியில் நாமினியாகப் பெயர் கொடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பிழையானது. நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பவரே என்ற கொள்கையை, காப்பீடு தொடர்பான வழக்கில் 1984-இலேயே நீதிமன்றம் நிறுவிவிட்டது.

இதற்கிடையில் கவனத்துக்குரிய ஒரு முரண் உண்டு. வீட்டில் மனைவிக்கு வாழ்நாள் உரிமை மட்டும் உயிலில் எழுதினால், அவளுக்கு ஏற்கெனவே ஜீவனாம்ச உரிமை இருப்பதால், 14(1) பிரிவின்கீழ் அது முழு உடைமையாகிவிட்டது என்று வாதிட இடமுண்டு. 1977-ஆம் ஆண்டின் துளசம்மா தீர்ப்பு முதல் தொடரும் சர்ச்சை இது. மணமாகாத துணைவிக்கு முன்னுரிமை ஏதும் இல்லை. ஆதலால் அவருக்கு எழுதும் வாழ்நாள் உரிமை 14(2) பிரிவின்கீழ் வாழ்நாள் உரிமையாகவே நிற்கும். அவர் காலம் முழுதும் அவ்வீட்டில் இருக்கலாம், பின்னர் வீடு பிள்ளைகளைச் சேரும். 1956-இல் பறிபோன உரிமையின் வெற்றிடமே இங்கு பிள்ளைகளுக்கு உத்தரவாதமாகிறது. இத்தகைய உயிலுக்கு இரு சாட்சிகள் போதும்; பதிவு கட்டாயமன்று. ஆனால் பயன்பெறும் துணையே முன்னின்று உயில் எழுதச் செய்தால் சந்தேகம் எழும்; அதைப் போக்கும் பொறுப்பு 1959-ஆம் ஆண்டின் வெங்கடாசல ஐயங்கார் தீர்ப்பின்படி அவரையே சாரும்.

2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தராகண்டின் பொது சிவில் சட்டம், சேர்ந்து வாழ்வோர் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் சிறைத்தண்டனையும் உண்டு. முதியோருக்கு விலக்கு இல்லை. துணைவரால் கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம். துணைவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், அரசுப் பதிவேட்டில் அவரோடு பெயர் உள்ள அப்பெண்ணுக்கு அதே சட்டத்தின் வாரிசுப் பட்டியலில் இடமில்லை.